தளபதியும் நாலாம் தீடையும்

மகன்,

திங்கட்கிழமை காலை மொன்பர்னாஸ் நிலையத்தில் நீ ரயில் ஏறும்போது இந்தக் கடிதம் உன் பைக்குள் இருக்கும். அம்மா மடித்து வைத்திருக்கிற வெள்ளைச் சட்டைகளுக்கு அடியில் வைக்கப் போகிறேன். இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரம். நீ சிநேகிதர்களிடம் பயணம் சொல்ல லியோனுக்குப் போயிருக்கிறாய். அம்மா பள்ளிக்கூடக் காந்தீனில் வேலை முடிந்து இன்னும் வரவில்லை. செவ்ரானில் நம் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். எவ்வளவு சவர்க்காரம் போட்டும் கையில் மீன் மணம் போகவில்லை, தாளிலும் அடிக்கும், பொறுத்துக்கொள். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். சனிக்கிழமைகளில் உன்னை அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். பிரெஞ்சில் எனக்கு எழுத வராது. வந்தாலும் இதை அந்தப் பாஷையில் சொல்லியிருக்க மாட்டேன்.

லா சப்பலில் நான் மீன் வெட்டுகிற கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இப்போது எனக்குக் கை தர நீட்டுகிறார்கள். என் கை முழுக்க மீன் இரத்தம் என்று தெரிந்தும் நீட்டுகிறார்கள். "அண்ணை, மகன் நேவியிலை ஒபிசியே ஆகப்போறானாம், உண்மையோ?" என்கிறார்கள். ஓம் என்கிறேன். "பிரெஞ்சுக்காரன்ர கப்பலுக்கு எங்கட பொடியன் கொமாந்தான், கப்பல் தலைவன்!" என்று முதலாளி கல்லாவில் இருந்து சத்தம் போடுகிறார். அதற்கும் ஓம் என்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்த்திருக்கிறாயா? கிள்ளுவது தெரியும், வலி தெரியாது. எனக்குச் சந்தோசம் இருக்க வேண்டிய இடத்தில் அப்படித்தான் இருக்கிறது. உனக்கு வேலைக் கடிதம் வந்த அன்று அம்மா உன்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் எழுந்து போய் குப்பை கொட்டிவிட்டு வந்தேன். நீ அதைக் கவனித்தாய், எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிதாக ஒன்றை நீ கவனித்திருக்கிறாய். உன் மெமுவார் முடிந்த அன்று, பல்கலைக்கழகத்துக்காக நீ இரண்டு வருசம் இருந்து எழுதிய அந்த ஆய்வு முடிந்த அன்று, இதே மேசையில் ஆட்டிறைச்சியும் புட்டும் வைத்துச் சாப்பிட்டோம். அம்மா கேட்டாள், "இவ்வளவு நாளும் ஆரைப் பற்றியடா எழுதினனி?" நீ சொன்னாய், இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து ஜப்பான் கடற்படைத் தளபதி ஒருவரைப் பற்றி என்று. பேர்ள் துறைமுகத்தை அடித்தவர், பிறகு இலங்கையையும் அடித்தவர், மிட்வே தீவுச் சண்டையில் நாலு கப்பலைப் பறிகொடுத்தவர் என்று. அவர் என்ன பிழை விட்டவர் என்று அம்மா கேட்டாள். "இல் ந பா சூ ஷுவாசீர், அம்மா," என்றாய். பிறகு தமிழில், "முடிவு எடுக்கத் தெரியாத ஆள். அப்படிப்பட்ட ஆக்களைக் கடலுக்கு அனுப்பவே கூடாது" என்றாய். நான் மேசையில் அடித்தேன். தண்ணீர்க் குவளை விழுந்து உடைந்தது. "நீ கடலிலை நிண்டனியோ? சொல்லடா, ஒருக்காவது நிண்டனியோ?" என்று கத்தினேன். இருபத்தொரு வருசத்தில் நான் உன்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. அம்மா ஓடிவந்து கண்ணாடித் துண்டு பொறுக்கினாள். நீ ஒன்றும் கேட்காமல் அறைக்குள் போய்விட்டாய். இந்தக் கடிதம் அந்தச் சத்தத்துக்கான விளக்கம்.

உன் மெமுவாரை நான் வாசித்தேன். நீ அலுமாரியில் வைத்திருந்த பிரதியை எடுத்து, காலையில் ரயிலில் கார் து நோர் நிலையம் வரும்வரை நாலு பக்கம், பின்னேரம் திரும்பும்போது மூன்று பக்கம். தெரியாத சொல்லைத் தொலைபேசியில் போட்டுப் பார்ப்பேன். பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரி ஒருநாள் என்னிடம் நீங்கள் ஆசிரியரா என்று கேட்டாள். மீன் வெட்டுகிறவன் என்றேன். இரண்டு மாதம் பிடித்தது. நன்றாக எழுதியிருக்கிறாய். அந்த மனுஷன் டோர்பிடோக்காரன் என்று எழுதியிருக்கிறாய். தண்ணீருக்குள்ளால் போய்க் கப்பலை உடைக்கிற குண்டு, அதில்தான் அவருக்குப் படிப்பு, அனுபவம் எல்லாம். ஆகாய விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வயதும் வரிசையும் பார்த்து, முறை வந்துவிட்டது என்று, விமானம் ஏற்றிச் செல்லும் கப்பல்களை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். இந்த இடத்தில் நீ ஒரு பகிடியான வசனம் எழுதியிருக்கிறாய். ரயிலில் அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அப்படித்தான் வள்ளம் கிடைத்தது.

நான் ஓட்டி இல்லை, மகன். மன்னாரில் ஓட்டி என்றால் யுத்தக் காலத்தில் ஆட்களை இந்தியாவுக்குக் கடல் கடத்திவிடுகிறவன். அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள், நேவியின் நேரம் தெரிந்தவர்கள், நீரோட்டம் தெரிந்தவர்கள். நான் கரையோரம் வலை போட்டவன், அவ்வளவுதான். வள்ளம் என் பெரியண்ணையுடையது, அவர்தான் ஓட்டி. அவர் கையை முறித்துக்கொண்டு படுத்தார். எங்கள் ஊர் பேசாலையில் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் இருந்தார்கள். "நீ கொண்டுபோய் விடு, இரண்டு தரம் என்னோட வந்தனிதானே" என்றார் அண்ணை. எனக்கு அப்போது உன்னைவிடவும் வயது குறைவு. பதினொரு பேர். அதில் ஒருவன் சேவியர், உன் மாமா. உன் பெயரின் நடுவில் இருக்கிறானே, அவன். உனக்கு அம்மா சொன்ன கதையில் அவன் இந்தியாவில் இறங்கிச் சென்னைக்குப் போய், பிறகு தகவல் இல்லாமல் போனவன். அந்தக் கதையைச் செய்தவன் நான்.

சேவியர் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். தையல்காரன். மீன்பிடி ஊரில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மாட்டான், நாங்கள் எல்லோரும் பகிடி பண்ணுவோம். வாய்க்காரன். அன்றைக்கு வள்ளத்திலும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த மனுஷிகளைச் சிரிக்க வைத்தான். கிழக்கு வெளுக்கும் நேரம் நேவிப் படகின் சத்தம் கேட்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் கடலில் மணல் மேடுகள் வரிசையாகக் கிடக்கும், நாங்கள் அவற்றைத் தீடை என்போம். புல்லும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை, பறவையும் நண்டும்தான். நாலாம் தீடை பக்கத்தில் இருந்தது. பாரம் இல்லாவிட்டால் வள்ளம் ஓடித் தப்பும், ஆட்களும் மணலில் படுத்தால் தெரியாது. "இறங்குங்கோ" என்றேன். இறங்கினார்கள். பத்து நிமிசத்தில் சத்தம் தூரப் போனது. "ஏறுங்கோ" என்றேன். பைகளையும் தண்ணீர்க் கானையும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இருபது பாகத் தூரம் போகவில்லை, நேவிப் படகின் வெளிச்சம் திரும்பியது. திரும்பவும் தீடைக்கு விட்டு, "இறங்குங்கோ, கெதியா, கெதியா!" என்றேன். சேவியர் கால் நனைய இறங்கிக்கொண்டே சொன்னான்: "ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. பூசையிலகூட இவ்வளவு தரம் எழும்பி இருந்ததில்லையடா மச்சான். ஒரு முடிவை எடு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு மணித்தியாலத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டரை இழுத்தேன்.

இப்போது உன் மெமுவாரின் மூன்றாம் பகுதியை எடுத்துப் பார். மிட்வேக் காலை. தளபதியின் பாதி விமானங்கள் தீவை அடிக்கப் போய்விட்டன. மிச்சப் பாதி எதிரிக் கப்பல் வந்தால் அடிக்க டோர்பிடோவோடு காத்து நிற்கின்றன. தீவை இன்னொரு தரம் அடிக்க வேண்டும் என்று தகவல் வருகிறது. டோர்பிடோவைக் கழற்றித் தரைக்குண்டு பூட்டு என்கிறார். பூட்டுகிறார்கள். பிறகு எதிரிக் கப்பல் தெரிகிறது என்று தகவல். தரைக்குண்டைக் கழற்று, டோர்பிடோவைப் பூட்டு. கழற்றிய குண்டுகளைக் கீழே கொண்டுபோய் வைக்க நேரமில்லை, விமானங்களுக்குப் பக்கத்திலேயே கிடந்தன. அந்த நேரம் பார்த்து மேலிருந்து குண்டு விழுந்தது. நிமிசக் கணக்கில் மூன்று கப்பல் எரிந்தது, பின்னேரத்துக்குள் நாலாவதும். நீ இதற்கு முப்பது பக்கம் எழுதியிருக்கிறாய். நான் அந்தப் பக்கங்களை வாசித்த அன்று இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ரயிலோடு தெற்கே போய்விட்டேன். கழற்றிய குண்டு கிடந்த இடத்தில் என் தண்ணீர்க் கான் கிடந்தது. இரண்டாம் தரம் இறங்கிய அவசரத்தில் பைகளும் கானும் வள்ளத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. பதினொரு பேரும் உடுத்த உடுப்போடு மணலில் நின்றார்கள். நான் அதைக் கண்டது வெயில் ஏறிய பிறகு.

நேவி என்னைத் துரத்தியது, திரும்ப விடவில்லை. இந்தியப் பக்கத்துக்கு ஓடினேன், மோட்டர் புகைந்து நின்றது. தனுஷ்கோடி மீனவர்கள் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தார்கள். அவர்களின் காலைப் பிடித்துச் சொன்னேன், நாலாம் தீடையில் பதினொரு பேர் தண்ணீர் இல்லாமல் நிற்கிறார்கள் என்று. நல்ல மனுஷர்கள், உடனே போனார்கள். பின்னேரம் திரும்பி வந்து, "நாலாம் திட்டுல யாருமே இல்லப்பா" என்றார்கள். என்னைப் பதிவுக்கென்று மண்டபம் அகதி முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள். இரண்டாம் நாள் வேறொரு மீன்பிடிப் படகு தற்செயலாக அந்த வழியால் போய்ப் பத்துப் பேரை ஏற்றி வந்தது. முகாமில் அவர்களில் ஒரு அக்கா என்னைக் கண்டு சொன்னா: "உம்மட சிநேகிதன் தண்ணி தேடி அடுத்த தீடைக்கு நடந்து போனவர் தம்பி. கடல் வத்தி இருந்தது, இடுப்பளவுதான் எண்டு சொன்னவர். பிறகு தண்ணி ஏறீட்டுது." அவ்வளவுதான். நான் அன்று அழவில்லை. முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றேன், சாப்பிட்டேன், படுத்தேன். அன்றிலிருந்து எனக்குள் ஏதோ ஒன்று வேலை செய்வதை நிறுத்திவிட்டது. நீ பிறந்தபோது உன்னைக் கையில் தந்தார்கள், அப்போதும் அது தொடங்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

முப்பது வருசத்துக்கு மேலாக நான் அந்த மீனவர்களைத்தான் மனதுக்குள் திட்டினேன். போகாமலே போனதாகச் சொல்லிவிட்டார்கள் என்று. அது இந்தச் சித்திரை மாதம்வரைதான். ஒரு பொடியன் கடைக்கு வந்தான், கொம்பியூட்டர் வேலைக்கு இங்கே வந்தவன். "அங்கிள், சீலா இருக்கா?" என்றான். சீலாவைத் தூக்கித் தராசில் வைத்தேன், நீண்ட வாயும் பல்லும் உள்ள அந்த மீன். "இது இல்ல அங்கிள், இது மாவுலா. அதோ, அதான் சீலா," என்று நாங்கள் அறக்குளா என்கிற மீனைக் காட்டினான். "தம்பி, முப்பது வருசமா மீன் வெட்டுறன், எனக்கு நீர் மீன் பேர் சொல்லித் தாறீரோ?" என்றேன். சிரித்தான். "எங்க ஊர்ல இதுதான் அங்கிள் சீலா. நான் பாம்பன்." பாம்பன் என்றதும் கத்தியை வைத்துவிட்டேன். அவன் அப்பாவும் மீனவர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களைத் தீடையில் இருந்து ஏற்றி வந்தவராம். "நாலாம் திட்டுலதான் அங்கிள் நிறையப் பேர விட்டுட்டுப் போவாங்க," என்றான். நான் சொன்னேன், "நாலாம் தீடை எங்கட கரைக்கெல்லோ கிட்ட. அவ்வளவு தூரம் வந்தவரோ உம்மட அப்பா?" அவன் விளங்காமல் பார்த்தான். "எங்க கரையில இருந்து நாலாவது அங்கிள். தனுஷ்கோடியில இருந்துதானே எண்ணுவோம்?"

நாங்கள் தலைமன்னாரில் இருந்து எண்ணினோம். அவர்கள் தனுஷ்கோடியில் இருந்து எண்ணினார்கள். ஒரே கடல், ஒரே தமிழ், ஒரே நாலு. அந்த மனுஷர்கள் போயிருக்கிறார்கள். தங்கள் நாலாம் திட்டுக்குப் போய்த் தேடியிருக்கிறார்கள். பதினொரு பேரும் என் நாலாம் தீடையில் நின்றிருக்கிறார்கள். நான் "எங்கட பக்கத்தாலை" என்று இரண்டு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் அன்று பின்னேரமே சேவியர் தண்ணீர் குடித்திருப்பான். அந்தப் பொடியனுக்கு மீனைத் துண்டு போட்டுக் கொடுத்தேன். தோல் உரிக்கட்டுமா என்றுகூடக் கேட்டேன். உன் மெமுவாரிலும் இது இருக்கிறது, அடிக்குறிப்பில். தளபதி அனுப்பிய வேவு விமானம் பிந்திப் புறப்பட்டது, எதிரிக் கப்பல் நின்ற இடத்தையும் பிழையாகச் சொன்னது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறாய். அதை அடிக்குறிப்பில் விடாதே, மேலே எடு. நீ அதிகாரியான பிறகு ஒரு இடத்தைச் சொல்லும்போது எங்கே நின்று எண்ணுகிறாய் என்று முதலில் சொல். மற்றவன் எங்கே நின்று கேட்கிறான் என்றும் கேள். உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற ஒரே தொழில் அறிவு இதுதான்.

இனி நான் உன்னோடு சண்டை பிடிக்கிற இடத்துக்கு வருகிறேன். தயங்கினதுதான் அந்த மனுஷனின் குற்றம் என்று நீ முடித்திருக்கிறாய். தயங்காதவன் எவனடா? தலைக்கு மேலே எதிரி விமானம், கீழே நூற்றுக்கணக்கில் ஆட்கள், கையில் பாதித் தகவல். நீயும் தயங்குவாய், நான் எழுதித் தருகிறேன். நான் அவர்மேல் ஆத்திரப்படுவது வேறு இடத்தில். தோற்ற பிறகு என்ன செய்தார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய், ஒரே ஒரு பந்தியில். ஊருக்கு வெற்றி என்று சொன்னார்கள். காயப்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் தனியாக அடைத்து வைத்தார்கள், ஆரோடும் கதைக்க விடவில்லை. செத்தவர்களின் வீடுகளுக்கு உண்மை போகவில்லை. தளபதிக்கு வேறு கப்பல் கொடுத்தார்கள், பிறகு கரையில் வேலை கொடுத்தார்கள், கடைசியில் சைப்பன் தீவில் கப்பலே இல்லாத தளபதியாகக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஒரு குகைக்குள் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அவருடைய மகனும் கடற்படையில் இருந்தவன், சில மாதத்தில் அவனும் கடலில் போனான் என்று வேறொரு இடத்தில் வாசித்தேன், சரியோ தெரியாது. அந்த இரண்டு வருசமும் அந்த மனுஷன் எப்படிச் சாப்பிட்டார், ஆரோடு கதைத்தார், நாலு கப்பல்காரரின் பெண்சாதிமார் எதிரே வந்தால் எங்கே பார்த்தார்? அதற்கு உன்னிடம் ஒரு பக்கமும் இல்லை. ஒரு மணித்தியாலத் தயக்கத்துக்கு முப்பது பக்கம், மறைத்ததற்கு ஒரு பந்தி. எனக்குக் கணக்கு அங்கேதான் உதைக்கிறது.

நானும் மறைத்தேன். முகாமில் இருந்து ஊருக்கு எழுதினேன், சேவியர் கரையில் இறங்கிச் சென்னைக்குப் போய்விட்டான் என்று. மற்றப் பத்துப் பேரும் வெளியூர் ஆட்கள், அவன் வீட்டை அவர்களுக்குத் தெரியாது. பயத்தில் எழுதினேன், அண்ணையின் வள்ளத்தை ஊர் எரித்துவிடும் என்ற பயம். பிறகு பிரான்சுக்கு வந்தேன். சேவியரின் தங்கையை நான் ஆசைப்பட்டுக் கேட்டுக் கட்டினேன் என்று அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். கேட்டது உண்மை. அவள் வீட்டில் ஓர் ஆளைக் குறைத்தவன் நான், அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று கேட்டேன். ஆசை பிறகு வந்தது, நிறைய வந்தது, ஆனால் அது வந்தபோது பொய் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தது. உன் அம்மம்மா சாகும்வரை மகன் வருவான் என்று சொல்லிக்கொண்டு செத்தா. உனக்கு அந்தப் பெயரை வைக்கும்போது, "அண்ணா வரேக்கை சந்தோசப்படுவான்" என்றாள் அம்மா. அவள் கடைக்கு வந்தால் தமிழ்நாட்டு ஆட்களாய்ப் பார்த்து, "நீங்கள் மண்டபம் பக்கமோ, அங்கை சேவியர் எண்டு ஒரு தையல்காரரைத் தெரியுமோ?" என்று கேட்பாளே, நீகூட வெட்கத்தில் நெளிவாயே. நான் பக்கத்தில் நின்று மீன் செதில் சீவிக்கொண்டிருப்பேன். அந்தப் பாம்பன் பொடியனிடமும் கேட்டாள், மகன்.

இந்த இரண்டு நாளுக்குள் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். உன்னை அனுப்பிவிட்டு, நீ இல்லாத வீட்டில் சொல்ல எனக்குத் துணிவு வராது. சொன்னால் அவள் என்னோடு இருப்பாளா என்று தெரியாது. அதுதான் என் பயம், வேறொன்றும் இல்லை.

இனி வருவது ஞாயிறு பின்னேரம் எழுதுவது. நேற்றுச் சொல்வது என்று முடிவெடுத்தேன். மத்தியானம் வேண்டாம் என்று நினைத்தேன். இரவு திரும்பவும் சொல்வது என்று படுத்தேன். காலையில் எழும்பி வேண்டாம் என்றேன். உன் தளபதி கெட்டான். பூசைக்குப் போய்விட்டு வந்தோம். நீ எட்டு மணி ரயிலில் வருகிறாய் என்று அம்மா சாமான் எல்லாம் எடுத்து வைத்தாள். உன் சட்டைகளை இன்னொரு தரம் ஸ்திரிக்கை போட்டாள். "அங்கை ஆர் போடுவினம் இவனுக்கு" என்று அவள் பாட்டில் கதைத்தாள். பிறகு மேசையில் இருந்து கோயிலில் எடுத்து வந்த பூசைக் கடதாசித் துண்டை நிரப்பத் தொடங்கினாள். அடுத்த மாதம் சேவியரின் பிறந்தநாள். வருசா வருசம் அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பாள், உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பூசை, "சுகநலத்துக்காக" என்று எழுதி. செத்தவர்களுக்கு எழுதுவது வேறு வசனம். அந்தப் பூசை ஒவ்வொன்றிலும் நான் அவள் பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கிறேன். இன்று அவள் "சுக" என்று எழுதும்போது என் வாய் சொன்னது, "அதை எழுதாதை."

ஏன் என்று கேட்டாள். சொன்னேன். இந்தக் கடிதத்தில் இருக்கிற ஒழுங்கில் சொல்லவில்லை, தண்ணீர்க் கானில் தொடங்கி முன்னுக்கும் பின்னுக்கும் போனேன். ஏறச் சொன்னது, இறங்கச் சொன்னது, நாலு என்று சொன்னது, ஊருக்கு எழுதிய கடிதம், எல்லாம். தீடைகள் எப்படிக் கிடக்கும் என்று மேசையில் விரலால் காட்டினேன். பேனை அவள் கையிலேயே இருந்தது. நான் முடித்தேன். அழுவாள், அடிப்பாள் என்று நான் இருந்தேன். அடித்திருந்தால் எனக்கு உறைத்திருக்குமோ என்னவோ. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவனுக்கு நீந்தத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

தலையை ஆட்டினாள். அந்தத் துண்டைக் கசக்கவில்லை, அப்படியே தள்ளி வைத்தாள். பையில் இருந்து இன்னொரு துண்டை எடுத்தாள். சேவியரின் முழுப் பெயரையும் எழுதினாள். கீழே "ஆத்தும இளைப்பாற்றிக்காக" என்று எழுதினாள், எழுத்து நேராகத்தான் இருந்தது. என்னைப் பார்க்காமல், "பூசைக்கு அவன் போன திகதி வேணும்," என்றாள்.

நான் சொன்னேன். நாள், மாதம், வருசம், கிழமைகூட. யோசிக்க வேண்டியிருக்கவில்லை, வீட்டு விலாசத்தைக் கேட்டால் சொல்கிற மாதிரி வாயில் வந்துவிட்டது. அவள் எழுதத் தொடங்கி, நிறுத்தி, பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நான் கதைக்கத் தொடங்கியதில் இருந்து அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப ஒவ்வொரு வருசமும் அண்டைக்கு, நீங்கள் தெரிஞ்சுகொண்டு எனக்கு முன்னால இருந்து சாப்பிட்டிருக்கிறியள்."

ஓம் என்றேன்.